தங்கச்சிமடத்தில் கேம் நடுவே அணைந்துபோன கம்ப்யூட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீடு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில், வடகடல் பக்கம். வாசலில் இருந்து கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. வீட்டில் நான்கு பேர்: கடலுக்குப் போகும் அப்பா, அம்மா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன், பள்ளிக்கூடம் போகும் தங்கை. பையன் எனக்கு மருமகன் முறை. நான் இருப்பது ராமநாதபுரம் டவுனில், ரிப்பேர் என் தொழில் இல்லை, ஆனாலும் சொந்தத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் கெட்டாலும் போன் எனக்குத்தான் வரும்.

கம்ப்யூட்டர் 2021ல் ஒரு கடையில் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி ராம், சின்னதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடு சேர்த்தே கொடுத்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி). கூடவே 600 விஏ யுபிஎஸ் ஒன்று. அதன் பேட்டரியை வாங்கிய நாளில் இருந்து மாற்றியதே இல்லை. 2023 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் அனுப்பிய பணத்தில் பையன் பழைய கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 போட்டான். மற்ற எதையும் மாற்றவில்லை.

புகார்

கார்த்திகை பிறந்த வாரம் போன். "மாமா, கேம் ஆடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு ஆஃப் ஆயிருது."

விண்டோஸ் நின்றுபோனால் வரும் நீலத் திரை இல்லை, எரர் எதுவும் இல்லை, தொங்கி நிற்பதும் இல்லை, யாரோ வயரைப் பிடுங்கியதுபோல அணைகிறது. படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது, கல்லூரி வேலை செய்தாலும் ஆகாது, ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டு வைத்தாலும் காலையில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கேம் போட்டால் மட்டும்தான். அதுவும் சில நாள் பத்து நிமிடத்தில், சில நாள் ஒரு மணி நேரம் கழித்து, சில நாள் அணைவதே இல்லை.

போனிலேயே நான் சூடு என்று தீர்மானித்துவிட்டேன். புதுக் கார்டு, பழைய கேபினெட், வேறென்ன இருக்கப்போகிறது? பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வை என்றேன். பையன் வைத்தான். வாடைக்காற்று அடிக்கிற காலம், மேசை வடக்கு ஜன்னலோரம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். நான் கொடுத்ததிலேயே மோசமான யோசனை இதுதான் என்பது ஜனவரியில் தெரிந்தது.

வீணான ஒரு ஞாயிறு

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். தூசியைத் தட்டி, பிராசஸருக்குப் புதிதாகச் சூடு கடத்தும் பேஸ்ட் வைத்து, சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமைப் போட்டு இரண்டு விநாடிக்கு ஒரு முறை பதிவாகும்படி செய்துவிட்டு அவனைக் கேம் ஆடச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் அணைந்தது. மறுபடி ஆன் செய்து பதிவின் கடைசி வரியைப் பார்த்தால் பிராசஸர் 76 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 69. இந்தப் பிராசஸரின் எல்லை 95, கார்டின் எல்லை 93. இரண்டுமே பக்கத்தில்கூடப் போகவில்லை. தவிர, சூடு ஏறினால் இவை உடனே அணைந்துவிடுவதில்லை, முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். பதிவில் வேகம் கடைசி வரை ஒரே மாதிரி இருந்தது.

ஆக, சூடு இல்லை. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், சிவப்பு நிறத்தில் வரிசையாகக் கர்னல்-பவர் 41. ஆகா, பிடித்துவிட்டேன் என்று விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். மூன்று மணி நேரம் போனது, பையன் சேமித்து வைத்திருந்த இரண்டு கேம்களின் முன்னேற்றமும் போனது. இரவு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை ஆடிப் பார்த்தான், அணைந்தது.

41 என்ற அந்தப் பதிவு காரணத்தைச் சொல்வதே இல்லை. போன முறை முறையாக அணைக்காமல் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று, திரும்ப எழுந்த பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதற்குள் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கும். நீலத் திரையால் நின்றிருந்தால் அங்கே பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். எங்களுக்கு எல்லாமே 0. மின்சாரம் திடீரென்று போயிருக்கிறது, விண்டோஸுக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை என்பதுதான் அதன் பொருள். சாஃப்ட்வேர் பக்கம் தேடாதே என்று அது சொல்ல, நான் போய் சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. கேபினெட்டின் இரும்பில் கை பட்டபோது சுள்ளென்றது. பையன் சிரித்துக்கொண்டே, "செருப்பு போட்டுக்கங்க மாமா, அது எப்பவுமே அப்படித்தான்" என்றான். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

நோட்டு

பொங்கல் வரை இப்படியே போனது. அடுத்து எதை வாங்குவது என்று பையன் கேட்க ஆரம்பித்தான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் நிற்கும், அதற்கு முன்னால் வருகிற காசைக் குடும்பம் எண்ணித்தான் செலவு செய்யும். சும்மா ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் பத்து நாள் எதையும் தொடாமல், அணையும் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதி வைக்கச் சொன்னேன். நேரம், ஆட ஆரம்பித்து எத்தனை நிமிடம், அணைந்தபோது மானிட்டரின் குட்டி விளக்கு என்ன ஆனது, பவர் பட்டனை அழுத்தியதும் எழுந்ததா, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடியது. ஐந்தாவதை நான் ஒப்புக்குத்தான் சேர்த்தேன்.

பத்து நாளில் ஒன்பது முறை அணைந்திருந்தது. நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான், படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் அதில் இருந்தது ஒரு கோளாறு இல்லை, இரண்டு.

ஐந்து முறை மானிட்டர் அணையவில்லை. அதன் விளக்கு மட்டும் நிறம் மாறி, சிக்னல் இல்லை என்று காட்டியது. பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் எழவில்லை. சுவர் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸையும் ஆஃப் செய்து ஒரு நிமிடம் விட்டுப் போட்டால்தான் உயிர் வந்தது.

மற்ற நான்கு முறை மானிட்டரும் சேர்ந்தே அணைந்தது, சில விநாடியில் அதன் விளக்கு தானாகத் திரும்ப எரிந்தது. பட்டனைத் தொட்டதும் கம்ப்யூட்டர் எழுந்தது.

பையனுக்கு இரண்டும் ஒன்றுதான், கேம் போய்விட்டது. "ஆஃப் ஆயிருது" என்ற ஒரே சொல்லில் இரண்டு மாதமாக இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான், நானும் பிரித்துக் கேட்கவில்லை.

முதல் வகை: எஸ்எம்பிஎஸ்

இப்படி ஆஃப் செய்து போட்டால்தான் எழும் என்பது எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டதற்கான அடையாளம். அளவுக்கு மேல் இழுத்தாலோ வோல்டேஜ் கீழே சரிந்தாலோ உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அப்படியே நிற்கும், வெளி மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தால்தான் மனம் இறங்கும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருந்தது. கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் புரோகிராமில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கச் சொன்னேன். 170 வாட் இழுக்கும் கார்டு அப்போது 120க்குள் அடங்கிவிடும், கேமில் கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். நான்கு நாள் அப்படி ஆடினான். முதல் வகை ஒரு முறைகூட வரவில்லை. இரண்டாம் வகை இரண்டு முறை வந்தது.

பிறகு கேபினெட்டை மட்டும் டவுனுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அப்போது பழைய பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்த காலம், ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். அதனால் பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு வந்தான், பாவம். என் வீட்டில் பவர் லிமிட்டைப் பழையபடி 100க்கு ஏற்றி, முழுச் சுமை ஏற்றிப் பார்க்கும் ஓசிசிடி புரோகிராமின் பவர் சோதனையைப் போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸில் சும்மா கிடந்த மோலக்ஸ் இணைப்பின் மஞ்சள், கறுப்பு வயர்களில் மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.04 வோல்ட். சுமை ஏறியதும் 11.5, அப்புறம் 11.3, நான்காவது நிமிடம் அணைந்தது. 12 வோல்ட் லைனுக்கு அனுமதி 5 சதவீதம்தான், அதாவது 11.40க்குக் கீழே போகக்கூடாது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டேன், அதே சோதனை ஒரு மணி நேரம் ஓடியது, 11.9க்குக் கீழே இறங்கவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே கட்டத்துக்குள் 12 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர். 12ஐ 28ஆல் பெருக்கினால் 336 வாட், பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த லைனில் இருந்துதான். கார்டுக்கு 170, பிராசஸருக்கு 88 வரை, ஃபேன், டிஸ்க், போர்டு என்று சேர்த்தால் 300ஐ ஒட்டி வரும். போதாக்குறைக்கு இந்தக் காலத்துக் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குச் சொன்ன அளவைத் தாண்டி எகிறும். கார்டு தயாரித்தவர்களே இதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். புதிதாக இருந்தபோது இந்த எஸ்எம்பிஎஸ் எப்படியோ சமாளித்திருக்கலாம், ஆனால் இது புதிதில்லை.

பக்கத்து சர்வீஸ் கடைக்காரர் பிரித்துக் காட்டினார். (வீட்டில் யாரும் பிரிக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.) தூசி என்று நினைத்தால் தூசி மட்டுமில்லை, பிசுபிசுவென்று வெள்ளைப் படலம். பாகங்களின் காலில் பச்சையாகக் களிம்பு. ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், கரையோரத்தில் ராத்திரி அது சர்வசாதாரணம். கரைந்த உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி வாடைக்காற்றை ஃபேன் வைத்து உள்ளே அனுப்பச் சொன்னவன் நான். கெப்பாசிட்டர் உப்பியதற்கு அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், அது மூன்று வருட வேலை. ஆனால் நல்லது எதுவும் செய்யவில்லை.

இரண்டாம் வகை: அம்மா சொன்னது

புது எஸ்எம்பிஎஸ் 650 வாட், ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதை மாட்டிக்கொண்டு நானே தங்கச்சிமடம் போனேன். முதல் வகை போய்விடும், இரண்டாம் வகை இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், இருந்தும் அன்று சாயங்காலமே மானிட்டரோடு சேர்ந்து எல்லாம் அணைந்தபோது பையனின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் இரண்டாம் வகைக்கு எதிரே இரண்டு இடத்தில் "மோட்டார்" என்று இருந்தது, இரண்டு இடம் காலி. சமையலறையில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் மோட்டார் போட்டாலே அவென் அங்க இருந்து கத்துவான் தம்பி. லைட்டும் ஒரு தடவ மங்கிட்டு வரும்" என்றார். எத்தனை நாளாக என்றால், மழைக்கு முன்னாலிருந்தே இருக்கும் என்றார். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று பையன் எகிற, "நீ காதுல அத மாட்டிக்கிட்டு இருந்தா நான் யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டார். ஹெட்போன் போட்டிருந்ததால்தான் அணைவதற்கு முன் யுபிஎஸ் ஒரு முறை கீச்சென்று கத்துவதும் அவனுக்குக் கேட்டதில்லை.

மல்டிமீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் பிளக் பாயிண்டில் வைத்துவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். சும்மா இருக்கும்போது 228 வோல்ட். மோட்டார் உறுமி எழும் அந்த நொடியில் 148. அரைக் குதிரைத் திறன் மோட்டார்தான், ஆனால் எந்த மோட்டாரும் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்படி இழுத்தாலும் ஒழுங்கான வயரிங்கில் இருபது வோல்ட் இறங்கலாம், எண்பது இறங்கக்கூடாது. வழியில் எங்கோ பிடி விட்டிருக்கிறது.

இதற்கு மேல் நான் கை வைக்கவில்லை. ஊரில் பழகிய வயர்மேனைக் கூப்பிட்டார்கள். அவர் மெயின் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்ததுமே கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரின் இணைப்பைக் காட்டினார். திருகு துருப்பிடித்து, வயரின் முனை பச்சை பூத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. "கடக்கரை வீட்ல வருஷத்துக்கு ஒருக்கா இத இறுக்கணும்ணே, யாரு கேக்குறா?" என்றார். பச்சைப் பகுதியை நறுக்கிவிட்டு, புதிதாகச் செம்பு தெரியும்படி சீவி, பித்தளை இணைப்பைப் புதிதாகப் போட்டு இறுக்கினார். மீட்டருக்கு இந்தப் பக்கம் வரைதான் அவர் வேலை, அந்தப் பக்கம் மின்வாரியத்துடையது, தொடக்கூடாது. மோட்டாரைப் போட்டுப் பார்த்தோம், 205. லைட் மங்கவில்லை. அந்தக் கருகல் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் பெட்டியே எரிந்திருக்கும்.

சரி, மோட்டார் போட்டால் கேம் மட்டும் ஏன் போனது, படம் ஏன் போகவில்லை? யுபிஎஸ் 160 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிக்கு மாறிவிடும். படம் பார்க்கும்போது மானிட்டரோடு சேர்த்து 90 வாட் போல, செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட அந்த இரண்டு விநாடியைத் தாங்கிவிடும். கேமில் 350ஐத் தொடும். 600 விஏ என்று போட்டிருந்தாலும் இந்த யுபிஎஸ் கொடுக்கக்கூடியது 360 வாட்தான், அதுவும் பேட்டரி நன்றாக இருந்தால். மாறிய கணமே படுத்துவிட்டது, கரண்ட் நிமிர்ந்ததும் தானாக எழுந்துகொண்டது. அதனால்தான் மானிட்டர் விளக்கு போய்ப் போய் வந்தது. நோட்டில் காலியாக இருந்த இரண்டு இடங்களுக்கு ஃபிரிட்ஜ் காரணமாக இருக்கலாம், அதற்குள்ளும் ஒரு மோட்டார்தானே.

பிறகு நடந்தது

யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டோம். கம்ப்யூட்டர் மேசையை வடக்கு ஜன்னலில் இருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றினோம், பக்கத்துத் தகடு திரும்ப மாட்டப்பட்டது, முன்பக்கக் காற்று வழியில் நைலான் வலை ஒன்றை ஒட்டி மாதம் ஒரு முறை கழுவ வேண்டியது தங்கையின் பொறுப்பு, அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் அவளுக்கு.

பிப்ரவரி கடைசியில் இருந்து ஜூன் வரை நோட்டில் ஒரே ஒரு பதிவு. அதுவும் ஊர் முழுக்கக் கரண்ட் போன இரவு, கேமைச் சேமித்துவிட்டு அணைக்க யுபிஎஸ் ஆறு நிமிடம் கொடுத்தது. பவர் லிமிட் 100ல்தான் இருக்கிறது. தடைக்காலத்தில் அப்பாவும் வீட்டில் இருந்ததால் அவரும் கேரம் போர்டு கேம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார் என்று கேள்வி.

மறுபடி செய்வதாக இருந்தால்

மானிட்டர் விளக்கும் பவர் பட்டனும் என்ன செய்தன என்ற இரண்டு கேள்வியை முதல் போனிலேயே கேட்பேன். டிசம்பர் ஞாயிறும் விண்டோஸும் மிச்சமாகியிருக்கும். புதுக் கார்டு வாங்கப் போகிறேன் என்று அவன் அக்டோபரில் சொன்னபோதே எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். டேபிள் ஃபேன் விஷயத்தை இனி பேச வேண்டாம்.

அந்தச் சுள்ளென்ற கடிக்கு வருகிறேன். கடைசி நாளில் வயர்மேன் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. எர்த் ஓடாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கேபினெட் இரும்பில் பாதி வோல்டேஜை நிறுத்தி வைக்கும், கரண்ட் மிகக் குறைவு என்பதால் கடிப்பதோடு போகிறது. வீட்டின் பின்னால் எர்த்துக்காகப் புதைத்த இரும்புக் குழாயைத் தோண்டினால் மேலே ஒரு சாண் மட்டும் குழாயாக இருந்தது, கீழே துருதான். புதுக் குழி வெட்டிப் புதுக் குழாய் இறக்கிக் கரியும் உப்பும் போட வேண்டும், அதற்கு ஆள் கூலியோடு அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, படகு கடலுக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். தடைக்காலம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அதுவரை கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே ஒரு ரப்பர் பாய் கிடக்கிறது, பையன் செருப்போடுதான் ஆடுகிறான்.